கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தேடுங்கள்: சிறுநீரக வருத்தம் வந்த வீட்டாருக்கு ஓர் இணைய வழிகாட்டி

அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியட்டினின் 212 என்று இருந்தது. தம்பி உடனே தொலைபேசியை எடுத்துத் தேடினான். பெண்களுக்கு 1.1க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக் காணொளி ஒன்று சொன்னது. 1.1 எங்கே, 212 எங்கே! அக்கா அழத் தொடங்கினாள். அம்மாதான் எழுந்து போய்ச் சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் பக்கத்து வளவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதியிடம் அறிக்கையைக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, இலக்கத்தைப் பார்த்தீர்கள், அதற்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எங்கள் அறிக்கை மைக்ரோமோல் கணக்கில் இருந்தது. காணொளியில் பேசியவர் மில்லிகிராம் கணக்கில் பேசினார். 212ஐ 88.4ஆல் வகுத்தால் 2.4 வரும். 2.4 என்பதும் சிறிய விடயமில்லைதான். ஆனாலும் ஒரு குடும்பம் பட்டினி கிடந்து அழுத இரவுக்கு 2.4 காரணமில்லை. அலகைப் பார்க்காமல் தேடியதே காரணம்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இன்று யாருக்காவது சிறுநீரக வருத்தம் என்று சொல்லப்பட்டால், வைத்தியசாலை வாசலைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் தொலைபேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தேட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் தேடியவன். எதைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது, எங்கே தேடுவது, எப்போது தொலைபேசியைக் கீழே வைப்பது என்று முதல் மாதமே யாராவது சொல்லித் தந்திருந்தால் பல இரவுகள் மிஞ்சியிருக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

முதற்படி: கொப்பியிலிருந்து ஒரு தாள்

கூகுளைத் திறப்பதற்கு முன் கிளினிக் கொப்பியைத் திறங்கள். அதிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: கிரியட்டினின் அளவு, அலகு, பரிசோதித்த திகதி. முடிந்தால் கடைசி மூன்று அறிக்கைகளையும் வரிசையாக எழுதுங்கள். ஈஜிஎஃப்ஆர் என்று ஓர் இலக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா, பொட்டாசியம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பவையும் வேண்டும். குடிக்கும் மருந்துகளின் பெயரை மருந்துப் பையைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எதனால் வந்தது என்று வைத்தியர் சொன்ன காரணத்தை எழுதுங்கள்: சீனி வருத்தமா, பிரஷரா, கல் அடைப்பா, வேறேதுமா? காரணம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான்.

ஈஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு. 90க்கு மேல் முதலாம் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15க்குக் கீழ் ஐந்தாம் நிலை. மூன்றாம் நிலையை 45இல் பிரித்து இரண்டாக்கியும் சொல்வார்கள். முதலிரண்டு நிலைகளில் இலக்கத்தை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. சிறுநீரில் புரதம் போவது போன்ற வேறு அடையாளமும் இருக்க வேண்டும். ஒரே ஓர் அறிக்கையை வைத்து 'நாட்பட்ட' என்ற சொல்லையும் ஒட்ட முடியாது. குறைபாடு 3 மாதங்களுக்கு மேல் நீடித்திருந்தால்தான் அந்தப் பெயர். கடும் வயிற்றோட்டத்தாலோ வலி மாத்திரையாலோ திடீரென்று ஏறிய கிரியட்டினின் இறங்கவும் கூடும்.

அறிக்கையில் ஈஜிஎஃப்ஆர் இல்லாவிட்டால் அமெரிக்காவின் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன் இணையத்தளத்தில் கணிப்பான் ஒன்று இருக்கிறது. வயது, பால், கிரியட்டினின் ஆகிய மூன்றையும் கொடுத்தால் 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி கணக்கிட்டுத் தரும். அலகைத் தெரிவு செய்யும் இடம் அதில் உண்டு, அங்கே தவறவிட்டால் எங்கள் வீட்டு இரவு உங்கள் வீட்டுக்கும் வரும். அம்மாவுக்கு அப்போது வயது 62. கணிப்பான் 22 என்று காட்டியது, அதாவது நான்காம் நிலை. நிலை என்பது இன்று நிற்கும் படியைத்தான் சொல்கிறது. எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம் என்பதை, திகதி போட்டு எழுதிய அந்த மூன்று கிரியட்டினின் இலக்கங்கள்தான் காட்டும். தாளை வரிசையாக எழுதச் சொன்னது அதற்காகவே.

தேடும் சொல் தவறினால்

தமிழில் "சிறுநீரக நோய்" என்று மட்டும் தட்டினால் வந்து விழுவதில் பெரும் பங்கு சிறுநீரகக் கல் பற்றியது. கல்லுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். முற்றிய சிறுநீரகச் செயலிழப்பில் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வார்கள். ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்குச் செய்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆகவே "நாட்பட்ட சிறுநீரக நோய்" என்று முழுதாகத் தட்டுங்கள். தமிழ்நாட்டில் "நாள்பட்ட" என்று எழுதுவார்கள், இரண்டையும் முயலுங்கள். இங்கே 'குருதிச் சுத்திகரிப்பு' என்று எழுதுவது அங்கே 'ரத்த சுத்திகரிப்பு'. இரு கரையிலும் வாயில் புழங்குவது டயலிசிஸ். இங்கே சீனி வருத்தம், சலரோகம், நீரிழிவு என்று மூன்று பெயரில் வழங்குவது அங்கே சர்க்கரை நோய்.

டயலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் சிறு சத்திரசிகிச்சைக்கு ஃபிஸ்டியூலா என்று பெயர். அந்தச் சொல்லைத் தனியே தமிழில் தேடினால் ஆசனவாயில் வரும் பவுத்திரம் பற்றிய பக்கங்களே வரிசையாக வரும், ஏனெனில் ஆங்கிலத்தில் அதற்கும் அதே பெயர்தான். என் மச்சான் அதைப் படித்துவிட்டு, கையில் செய்ய வேண்டியதை எங்கே செய்யப் போகிறார்களோ என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பித் திரிந்தார். "டயலிசிஸ் ஃபிஸ்டியூலா கை" என்று மூன்று சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கும் வசதியைப் பயன்படுத்தலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. எனக்கு ஒரு பக்கம் அம்மா "மேடை 4"இல் இருப்பதாகச் சொன்னது. நிலை என்பதைத்தான் மேடை ஏற்றியிருந்தது. "உலர் எடை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். டயலிசிஸ் மூலம் மேலதிக நீரை எடுத்த பிறகு ஒருவருக்கு இருக்க வேண்டிய உடல் நிறைதான் அது. சிங்களத்தில் மட்டும் கிடைக்கும் சுற்றறிக்கையை கூகுள் லென்ஸில் படம் பிடித்தால் ஏறத்தாழ விடயம் விளங்கும். திகதி, தொகை, தகுதி போன்றவற்றை மட்டும் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் கேட்டுவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களும் இப்போது நிறைய. சொல்லுக்குப் பொருள் கேட்கலாம், அறிக்கையில் உள்ள வரி என்ன என்று கேட்கலாம். மருந்தின் அளவை அதனிடம் கேட்கவே கேட்காதீர்கள். அறிக்கையைப் படம் எடுத்து எங்கே அனுப்பினாலும் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் இருக்கும் மேற்பகுதியை மடித்துவிட்டுப் படம் எடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

நான் திரும்பத் திரும்பப் போன இடங்கள் சிலவே. இலங்கைச் சுகாதார அமைச்சும் அதன் கீழுள்ள சுகாதார மேம்பாட்டுப் பணியகமும் மும்மொழியிலும் தகவல் வெளியிடுகின்றன. தமிழ்ப் பக்கம் சிங்களப் பக்கம் அளவுக்கு நிரம்பி வழியாது, அது நமக்குப் பழகிய கதைதான். இருந்தாலும் அங்கே தொடங்குவது நல்லது. அரச இணையத்தள முகவரிகள் 'ஜிஓவி புள்ளி எல்கே' என்று முடியும். அப்படி முடியாமல் அரச இலச்சினையை மட்டும் போட்டுக்கொண்டு வரும் பக்கத்தில் உங்கள் விபரங்களைக் கொடுக்காதீர்கள்.

தமிழில் ஆறுதலாக உட்கார்ந்து வாசிக்க வேண்டுமானால் கிட்னி எடியூகேஷன் ஃபவுண்டேஷன் இணையத்தளத்துக்குப் போங்கள். குஜராத்தின் ராஜ்கோட்டைச் சேர்ந்த சிறுநீரக வைத்தியர் ஒருவர் தொடங்கியது. பல மொழிகளில் இலவச வழிகாட்டிகளைத் தருகிறது, தமிழும் உண்டு. சென்னையில் 1993இல் தொடங்கிய டேங்கர் ஃபவுண்டேஷன் சிறுநீரக நோயாளருக்காகவே இயங்கும் அமைப்பு. அவர்கள் தரும் விளக்கம் நமக்கும் பொருந்தும். ஆனால் அங்கே சொல்லப்படும் காப்புறுதி, அரச உதவித் திட்டம், கட்டணம் எதுவும் நமக்குப் பொருந்தாது. நமது நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டுக் காணொளியில் டயலிசிஸ் செலவைக் கேட்டுவிட்டு, காணியை விற்கலாமா என்று யோசித்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஆங்கிலம் வாசிக்கக்கூடிய பிள்ளை வீட்டில் இருந்தால் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவைப் பக்கமும் அமெரிக்க நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன் பக்கமும் போதும். பத்துப் பக்கம் திறந்து ஒன்றையும் முடிக்காமல் விடுவதைவிட இந்த இரண்டை முழுதாக வாசிப்பது மேல்.

இணையம் வேண்டாம், வாயால் கேட்க வேண்டும் என்பவர்களுக்குச் சுகாதாரத் தகவலுக்கு 1999 இருக்கிறது, அரச அலுவல்கள் எதுவானாலும் 1919 இருக்கிறது. படுவான்கரைப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களுக்கு இவையே வசதி.

காணொளியைப் பார்க்கும்போது

"மூன்றே நாளில் கிரியட்டினின் குறையும்" என்று தலைப்பிட்ட காணொளிகளுக்குப் பார்வையாளர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள். நான் ஒரு காணொளியைத் தொடர்ந்து பார்ப்பதா விடுவதா என்று தீர்மானிக்க மூன்று இடங்களைப் பார்ப்பேன். பேசுபவர் தன் தகுதியைச் சொல்கிறாரா? காணொளியின் கீழே மருந்து வாங்கும் இலக்கம் இருக்கிறதா? "உங்கள் வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்துங்கள்" என்று எங்காவது சொல்கிறாரா? கடைசியாகச் சொன்னதைக் கேட்ட கணத்தில் மூடிவிடுங்கள், பேசுபவர் யாராக இருந்தாலும் சரி.

கை மருந்து விடயத்தில் நம் ஆட்களின் மனதை நான் அறிவேன். எனக்கும் அந்த நம்பிக்கையில் பாதி உண்டு. ஆனால் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய இரண்டும் சேர்ந்த குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டலோகிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தை நேரே சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பாம்புக் கடிக்கும் விஷத்துக்கும் பாட்டன் காலத்தில் கொடுத்தது என்பதற்காக, பழுதுபட்ட சிறுநீரகத்துக்குக் கசாயம் வைக்கக் கூடாது. எந்தச் சூரணத்தையும் குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், குறைந்தபட்சம் கிளினிக்கில் அதைச் சொல்லிவிட்டாவது குடியுங்கள். ஏசுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். மருந்துக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. முழங்கால் நோவுக்கு அம்மா வருடக் கணக்காக அதைத்தான் விழுங்கியிருந்தார். எந்தக் கிளினிக்கிலும் அவர் அதைச் சொன்னதில்லை, அது மருந்து என்றே அவர் நினைக்கவில்லை.

சாப்பாட்டுப் பட்டியல்கள்

இணையத்தில் அதிகம் தேடப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் சாப்பாடு. அமெரிக்கப் பட்டியலில் அவகாடோ இருக்கும், பலாக்கொட்டை இருக்காது. தமிழ்நாட்டுப் பட்டியலில் சாம்பார் இருக்கும், சொதி இருக்காது. ஆகவே பட்டியலை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பிடியுங்கள்: உப்பு, பொட்டாசியம், பொஸ்பரஸ், புரதம், தண்ணீர். உங்கள் ஆளுக்கு இந்த ஐந்தில் எதைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் வெட்டாதீர்கள். உப்பு மட்டும் ஏறத்தாழ எல்லோருக்கும் குறைக்க வேண்டியது. நம் கரையோரத்தில் அந்த உப்பு கருவாட்டிலும் ஊறுகாயிலும் ஒளிந்திருக்கிறது.

இளநீரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தைக் கழுவும் என்று அதைப் புகழும் காணொளிகளுக்குக் கணக்கில்லை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இரத்தப் பொட்டாசியம் ஏற்கெனவே 5ஐத் தாண்டி நிற்கும் ஒருவருக்கு, அதுவும் டயலிசிஸ் செய்பவருக்கு, அது இதயத் துடிப்பையே குழப்பிவிடக்கூடும். பொட்டாசியம் சரியாக இருக்கும் ஆரம்ப நிலை நோயாளிக்கு அதே இளநீர் பிரச்சினையாக இல்லாமலும் போகலாம். அதனால்தான் தாளில் பொட்டாசியம் அளவை எழுதச் சொன்னேன். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நல்லெண்ணத்தில் வாங்கிக் கொடுத்து ஆபத்தை விலைக்கு வாங்காதீர்கள்.

நட்சத்திரப் பழத்துக்கு மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர் அதைத் தொடவே கூடாது. அதில் உள்ள நஞ்சு வெளியேறாமல் தேங்கினால் நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போகும். முற்றத்தில் மரம் நின்றால் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், ஜூஸ் அடித்து அம்மம்மாவுக்குக் கொடுப்பது அவர்கள்தான்.

கீரையையும் கிழங்கையும் சிறிதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு போய்விடும். இணையத்தில் நான் கற்றவற்றில் எங்கள் அடுப்படியில் இன்றுவரை நிலைத்தது இது ஒன்றுதான்.

நோன்பு காலத்தில் அம்பாறைக் கரையோரத்துக் குடும்பங்களும், விரத நாட்களில் எங்கள் வீடுகளும் தேடும் கேள்வி ஒன்று: பட்டினி இருக்கலாமா? நோயின் நிலை, மருந்து நேரம், தண்ணீர் அளவு மூன்றையும் வைத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். அதைக் காணொளியில் பேசுபவரிடம் கேட்காமல், நோன்புக்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் கேளுங்கள்.

பொலன்னறுவைச் செய்தி உங்கள் வீட்டுச் செய்திதானா?

இலங்கை, சிறுநீரகம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடினால் அனுராதபுரமும் பொலன்னறுவையும்தான் முதலில் வரும். 1990களிலிருந்து வட மத்திய மாகாண விவசாயிகளிடையே, வழமையான காரணங்கள் இல்லாமல் பரவலாகக் கண்டறியப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோய் அது. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. குடிநீர், விவசாய இரசாயனம், வெயிலில் நீர் வற்றிய உடலோடு வேலை செய்வது என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை.

உலகெங்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முன்னணிக் காரணங்கள் நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும்தான். கரையோரத்தில் இருக்கும் நாம் பொலன்னறுவைச் செய்தியை வாசித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் சந்தேகித்தால் வீட்டுக்குள் இருக்கும் சீனியை மறந்துவிடுவோம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. வாசலுக்கு வந்த ஒரு விற்பனையாளர் பத்திரிகைத் துண்டுகளைக் காட்டி, தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் ஒன்றைத் தவணைக் கட்டணத்தில் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்தக் காசில் சீனி பார்க்கும் கருவியும் பிரஷர் பார்க்கும் கருவியும் வாங்கியிருந்தாலும் மிச்சம் இருந்திருக்கும். நெல் வயலோடு வாழும் உட்பகுதிக் குடும்பத்தினர் கிணற்று நீர் பற்றிக் கேட்பது நியாயமே. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், விற்பனையாளரிடம் கேட்காதீர்கள்.

உதவிப் பணம்: திகதியைப் பார்த்துவிட்டு வாசியுங்கள்

அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் கீழ் சிறுநீரக நோயாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. இணையத்தில் தேடினால் 5,000 ரூபாய் என்று ஒரு பக்கம் சொல்லும், 7,500 என்று இன்னொன்று, 10,000 என்று வேறொன்று. மூன்றும் பொய்யில்லை, மூன்றும் வெவ்வேறு காலத்துத் தொகைகள். 5,000 ஆகத் தொடங்கி, 2024இல் 7,500 ஆகி, 2025இல் 10,000 ஆனது. பணம் பற்றிய எந்தப் பக்கத்தையும் வாசிக்கும் முன் மேலேயோ கீழேயோ திகதியைத் தேடுங்கள், திகதி இல்லாத பக்கத்தை நம்பி பஸ் ஏறாதீர்கள். இத்திட்டம் பற்றி விசாரிக்க நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கம் இருக்கிறது. விண்ணப்பமும் தகுதி நிபந்தனைகளும் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். வைத்தியரின் சான்று கட்டாயம் கேட்பார்கள் என்று எண்ணியே போங்கள். கிராம உத்தியோகத்தரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் முதலில் சந்தித்துவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம்.

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. முன்பெல்லாம் அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டும். 2025 முதல் பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்க முடிகிறது. படிவத்தை நிதியத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கி, கொம்யூனிகேஷன் கடையில் அச்செடுத்துக்கொள்ளலாம். சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்தவுடன் கேளுங்கள், முடிந்த பிறகு நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முகநூலில் நோயாளியின் படத்தைப் போட்டு உதவி கேட்பது பற்றி எனக்கு இரண்டு மனம். கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பதிவு போட்ட மறுநாளே "வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து பேசுகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வரும். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தையும் கேட்பார்கள். உதவி செய்ய வருபவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். பதிவு போடத்தான் வேண்டும் என்றால் நோயாளியிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஊசி குத்திய கையோடு கண்மூடிக் கிடக்கும் தன் படம் ஊரெல்லாம் சுற்றுவதை எந்தத் தகப்பன் விரும்புவார்?

சிறுநீரகம் விற்பனைக்கு

குழுக்களில் "ஓ பொசிட்டிவ் சிறுநீரகம் தேவை, தகுந்த சன்மானம்" என்ற பதிவுகளைப் பார்ப்பீர்கள். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். தரகரோடு தனிச்செய்தியில் பேசுவதே வம்பு. மாற்றுச் சிகிச்சை பற்றிய பேச்சு சிறுநீரக வைத்திய நிபுணரின் மேசையில்தான் தொடங்க வேண்டும். கொழும்பு மாளிகாவத்தையில் சிறுநீரகத்துக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பொலன்னறுவையில் 2021இல் திறக்கப்பட்ட தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலை, மட்டக்களப்பிலிருந்து ரயிலிலேயே போகக்கூடிய தூரம். எங்கே அனுப்புவது என்பதை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்கள் ஆதார வைத்தியசாலையிலோ உள்ள வைத்தியர்கள் கடிதத்தோடு சொல்வார்கள்.

ஆட்களைத் தேடுவது

தகவல் ஓரளவு கிடைத்த பிறகுதான் துணை தேவைப்படுவது தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணிநேரம் அளவில் டயலிசிஸ் என்று ஆகிவிட்டால் கூடப் போகும் ஒருவருக்கு வேலை போகும், அல்லது பாதிச் சம்பளமாகும். அதை யாரிடம் பேசுவது? முகநூலில் தமிழ்நாட்டு நோயாளர் குழுக்களில் மாதக்கணக்கில் வாசித்தேன். மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு பத்து வருடமாக நன்றாக இருப்பவர்கள் எழுதுவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது மருந்தளவுக்கு வேலை செய்தது. குழுவில் சேர்ந்தவுடன் எழுதாதீர்கள். ஒரு வாரம் வாசியுங்கள். நடத்துபவர் மருந்து விற்பவரா, தவறான தகவலை நீக்குகிறாரா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

ஆனால் எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த குழு, டயலிசிஸ் பிரிவுக்கு வெளியே கிடந்த ஒரு வாங்கில் உருவானது. உள்ளே நோயாளிகள் படுத்திருக்க, வெளியே காத்திருந்த ஆறு வீட்டார் இலக்கங்களை மாற்றிக்கொண்டு வட்ஸ்அப்பில் ஒன்று சேர்ந்தோம். சம்மாந்துறை, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை என்று ஆறு திசை. இன்று இயந்திரம் பழுது, வரிசை பிந்தும்; இந்த மாத்திரை வெளியில் வாங்கச் சொல்கிறார்கள், யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா; ஓட்டோவைப் பங்கு போடலாமா: இவைதான் அங்கே ஓடும் செய்திகள். காலை வணக்கப் படங்களுக்குத் தடை போட்டோம், அந்த ஒரு விதி குழுவைக் காப்பாற்றியது. மாத்திரை பகிர்வது மட்டும் பெயரும் அளவும் ஒன்றுதானா என்று தாதியிடம் காட்டிய பிறகே.

பராமரிப்பவருக்கே மனம் உடைந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எடுக்கலாம். நோயாளிக்குத்தான் வருத்தம், எனக்கென்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் அக்காதான் எங்கள் வீட்டில் முதலில் சரிந்தாள்.

தொலைபேசியைக் கீழே வைக்கும் நேரம்

மூச்சு முட்டுகிறது, நெஞ்சு நோகிறது, சிறுநீர் திடீரென நின்றுவிட்டது, பேச்சுத் தடுமாறுகிறது, வலிப்பு வருகிறது, கைகால் சோர்ந்து துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்றால் எதையும் தேடாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. ஃபிஸ்டியூலாவில் இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே அழையுங்கள். கழுத்திலோ நெஞ்சிலோ குழாய் பொருத்தியவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். அம்புலன்ஸில் வருபவரிடம் டயலிசிஸ் நோயாளி என்பதையும் ஃபிஸ்டியூலாக் கையில் ஊசியோ பிரஷர் பட்டியோ போடக்கூடாது என்பதையும் முதலில் சொல்லுங்கள்.

கிளினிக்குக்கு முதல் நாள் இரவு

தேடியதெல்லாம் இங்கேதான் வந்து சேர வேண்டும். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், பின்னால் நீண்ட வரிசை. அதற்குள் "யூடியூபில் ஒருவர் சொன்னார்" என்று தொடங்கினால் வைத்தியரின் முகம் போகும் போக்கு எனக்குப் பழக்கம். முதல் நாள் இரவு உட்கார்ந்து, படித்தவற்றிலிருந்து மூன்று கேள்விகளை மட்டும் எழுதுங்கள். அவை உங்கள் தாளில் உள்ள இலக்கத்தோடு சேர்ந்திருக்கட்டும். "இளநீர் குடிக்கலாமா?" என்று கேட்பதைவிட, "பொட்டாசியம் 5.4 என்று இருக்கிறது, இளநீரை நிறுத்த வேண்டுமா?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

நான் அப்படிக் கொண்டுபோன முதல் தாளில் இருந்த கேள்விகள் இவை. அம்மாவுக்கு இது வந்த காரணம் சீனியா, வலி மாத்திரையா? நான்காம் நிலை என்றால் ஃபிஸ்டியூலாவுக்கு இப்போதே ஆயத்தம் செய்ய வேண்டுமா? முழங்கால் நோவுக்கு இனி எதைக் குடிப்பது? வைத்தியர் தாளை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே தானே பேனாவால் எழுதித் தந்தார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் அம்மாவைப் பார்த்து, "எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு விரல்களை எண்ணத் தொடங்கினார்.